அறியாமற் செய்த கொலை வினையாகுமா?



பஞ்சசீலத்துள் முதலாவது உயிர்க்கொலை நீக்கல். புத்த விகாரத்தில் முழந்தாளிட்டு அச்சீலத்தை நாம் எல்லோரும் ஏற்கின்றோம். ஏற்றபின் சிலர் நம்மை அணுகி வினவும் வினா ஒன்றுண்டு. "நடக்குங்கால் எறும்பு மிதிபட்டு மடிகின்றது, விளக்கேற்றினால் விட்டில் வீழ்ந்து சாகின்றது, கொல்ல வேண்டுமென்று நாம் கருதவில்லை, இதனால் சீலம் கெடுமோ?" என்பதே அவ்வினா.

எறும்பளவில் இதற்கு விடை எளிது. ஆனால் இக்காலத்தில் இதே வினா மிகப் பெரியதோர் உருவெடுத்து நம்முன் நிற்கின்றது. எறும்பு இருந்த இடத்தில் கடல்வாழ் உயிர்களும், காலடி இருந்த இடத்தில் உலகத்தாருடைய அடுப்பும் ஆலையும் வண்டியும் வந்து நிற்கின்றன. மனிதர் எழுப்பும் புகையால் கடல்நீரின் இயல்பு மாறுகின்றது; அம்மாற்றத்தால் நண்டும் இறாலும் நலிகின்றன என்று விஞ்ஞானிகள் ஆராய்ந்து கூறுகின்றனர். இத்தீங்கைக் கருதிச் செய்தவர் ஒருவருமிலர். அங்ஙனமாயின் இது வினையா, அன்றா? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடல்நீருக்கு நேர்ந்தது யாது?

கோலி சோடாவை அறியாதார் நம்முள் இலர். தண்ணீருக்குள் கரியமில வாயுவை அழுத்திச் செலுத்துவதனாலேயே அந்தச் சுரீரென்னும் சுவை உண்டாகின்றது. அவ்வாயு நீரோடு கூடி மெல்லியதோர் அமிலமாகின்றது. சோடாப் புட்டியில் நிகழும் இதுவே, மிக மெதுவாகவும் மிகப் பெரிய அளவிலும் கடலில் நிகழ்ந்து வருகின்றது. நிலக்கரி, பெட்ரோல், டீசல், எரிவாயு முதலியவற்றை எரிப்பதால் எழும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் தன்னுள் வாங்கிக்கொள்கின்றது.

ஆலைகள் பெருகுவதற்கு முன் பத்து இலட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 280 பங்கு கரியமில வாயு இருந்தது. 1958ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் சார்லஸ் டேவிட் கீலிங் என்னும் விஞ்ஞானி அதனை இடையறாது அளக்கத் தொடங்கியபோது அது 315 பங்கு அளவில் இருந்தது. இன்று 420ஐயும் தாண்டிவிட்டது.

நீர் அமிலமா காரமா என்பதைப் பி.எச். என்னும் எண்ணால் குறிப்பர். 7 நடுநிலை, அதற்கு மேல் காரம், அதற்குக் கீழ் அமிலம். கடலின் மேற்பரப்பு நீர், ஆலைக் காலத்துக்கு முன் சராசரி 8.2 என்னும் அளவில் இருந்தது, இப்போது 8.1 அளவுக்கு இறங்கியிருக்கின்றது. பத்தில் ஒரு பங்குதானே என்று நகைத்தல் கூடாது. இந்த எண்ணில் ஓர் அலகு குறைந்தால் அமிலக் கூறு பத்து மடங்கு பெருகிற்று என்பது பொருள். அக்கணக்கின்படி 0.1 இறங்கியதனால் அமிலக் கூறு நான்கில் ஒரு பங்குக்கு மேல் மிகுந்துவிட்டது. கடல் இன்னும் காரமே, புளித்துவிடவில்லை. ஆயினும் அமிலத்தின் பக்கமாக நகர்ந்து வருகின்றது என்பதில் ஐயமில்லை.

இதனால் மற்றொன்றும் நேர்கின்றது. சங்கு, சிப்பி, பவளம் முதலிய உயிர்கள் கடல்நீரிலுள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் சேர்த்துத் தமக்கு ஓடு கட்டிக்கொள்கின்றன. அமிலக் கூறு மிகுந்தால் அது கார்பனேட்டோடு கூடி அதனை வேறொன்றாக்கிவிடுகின்றது. கட்டும் வேலை நிற்கவில்லை. கட்டுவதற்குரிய சுண்ணாம்பு மட்டும் சந்தையில் அரிதாகின்றது என்று கொள்ளலாம்.

நண்டும் இறாலும் படும் பாடு

நண்டின் ஓடு வெறும் சுண்ணாம்பன்று. கைட்டின் என்னும் நாரும் புரதமும் சேர்ந்த பின்னலுக்குள் சுண்ணாம்பு படிந்து இறுகியதே அவ்வோடு. அதன்மேல் மெழுகு பூசினாற்போன்ற மெல்லிய உறையும் உண்டு. நண்டு வளர்கின்றது, ஓடு வளர்வதில்லை. ஆகவே காலந்தோறும் பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புதியதை அணிய வேண்டியதாகின்றது. கழற்றிய சில காலம் நண்டு மெத்தென்று இருக்கும். எந்தப் பகைக்கும் இரையாகும். அக்காலத்தில் கடல்நீரிலிருந்து சுண்ணாம்புக்குரிய பொருள்களை விரைந்து ஈர்த்து ஓட்டை இறுக்கிக்கொள்கின்றது. இறாலுக்கும் வழி இதுவே.

உண்மையை மிகைப்படுத்திக் கூறுதல் சம்மா வாசா ஆகாது. ஆகலின் இதனையும் சொல்லிவிடுகின்றோம். அமிலம் ஏறிய நீரில் எல்லா நண்டுகளும் உடனே அழிந்துபோகும் என்பது மெய்யன்று. 2009இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில் பதினெட்டு வகை உயிர்களை அத்தகைய நீரில் வளர்த்துப் பார்த்தனர். சிப்பி வகைகள் பல நலிந்தன. ஆனால் நீல நண்டும், சிங்க இறாலும், ஒருவகை இறாலும் முன்னிலும் மிகுதியாகவே சுண்ணாம்பைப் படியவைத்தன. தம் உடலுக்குள் நீரின் இயல்பைத் திருத்திக்கொள்ளும் ஆற்றல் இவற்றுக்கு உண்டு. ஆயினும் அவ்வாற்றல் விலையின்றிக் கிடைப்பதன்று. உண்ட உணவின் வலிமையை ஓடு காப்பதில் செலவிட்டால், வளர்வதற்கும் முட்டை இடுவதற்கும் எஞ்சுவது குறையும். கூலி முழுவதும் வீட்டு வாடகைக்கே போய்விட்டால் குடும்பம் எங்ஙனம் தழைக்கும் என்பதை நம் மக்களுக்கு விளக்க வேண்டுவதில்லை.

வாடகை கொடுக்க முடியாதவை குஞ்சுகளே. அலாஸ்கா நாட்டுப் பெரிய செந்நண்டின் இளங்குஞ்சுகளை 7.5 அளவுள்ள நீரில் வைத்து வளர்த்தபோது 95 நாளில் அனைத்தும் மடிந்தன என்று 2013இல் வெளியான ஆராய்ச்சி கூறுகின்றது. 7.8 அளவிலும் அவை மெலிந்தன, பல மாண்டன. பிறர் விட்ட சங்கில் குடிபுகும் துறவி நண்டு, அமில நீரில் தனக்கேற்ற சங்கைத் தெரிந்தெடுப்பதிலும் இரையை மோப்பம் பிடிப்பதிலும் தடுமாறிற்று. ஸ்வீடனில் வடகடல் இறாலை மூன்று வாரம் 7.5 அளவு நீரில் வைத்துச் சமைத்துக் கொடுத்தபோது, உண்டவர்கள் அதன் தோற்றமும் சுவையும் குன்றியதாகச் சொன்னார்கள். இது 2014இல் வெளிவந்தது.

இவையெல்லாம் தொட்டியில் செய்த சோதனைகள். கடலிலேயே கண்டது ஒன்றுண்டு. அமெரிக்காவின் பசிபிக் கரையில் டஞ்சனஸ் என்னும் நண்டு பெருவாழ்வு தருவது. பல ஆயிரம் மீனவர்க்கு அதுவே சோறு. 2016இல் அக்கரையோரம் கப்பலிற் சென்று அந்நண்டின் குஞ்சுகளைச் சேர்த்து, உருப்பெருக்கியில் வைத்து நோக்கினர். நண்டுருவை எய்துதற்கு முந்திய பருவத்திலுள்ள அக்குஞ்சுகளின் ஓடு அங்கங்கே அரித்துப்போயிருந்தது. நீரின் அசைவை உணர்ந்து திசையறிய உதவும் நுண்ணிய மயிர்களும் சிதைந்திருந்தன. மிகுதியாக அரிக்கப்பட்ட குஞ்சுகள் உருவிலும் சிறுத்திருந்தன. இச்செய்தி 2020இல் வெளிவந்தது. பிற்காலத்தில் வரும் என்று சொல்லப்பட்ட கேடு, முன்னமே வந்துவிட்டது என்று அறிந்து ஆராய்ந்தவர்களே வியந்தனர்.

பெரிங் கடலில் 2018 முதல் 2021 வரை ஆயிரம் கோடிக்கு மேற்பட்ட பனி நண்டுகள் மறைந்தன. 2022இல் அம்மீன்பிடியே மூடப்பட்டது. அதற்குக் காரணம் அமிலமன்று. கடல் வெதும்பியதால் பசி மிகுந்து, இரை போதாமல் மடிந்தன என்று பின்னர்க் கண்டறிந்தனர். ஆயினும் வெதுப்பியதும் புளிக்கச் செய்வதும் ஒரே புகைதான். ஒரு வேரில் முளைத்த இரு கொடிகள் அவை.

ஐம்பது ஆண்டு கழித்து மேலெழும் நீர்

டஞ்சனஸ் நண்டு வாழும் அக்கரைக்கு ஓர் இயல்பு உண்டு. வேனிற்காலத்தில் வடக்கிலிருந்து வீசும் காற்று மேற்பரப்பு நீரைக் கரையைவிட்டு அப்பால் தள்ளும். அவ்விடத்தை நிரப்ப ஆழத்து நீர் மேலெழும். ஆழத்து நீரில் கரியமில வாயு இயற்கையிலேயே மிகுதி; அழுகும் உயிர்ப்பொருள்களால் அது அங்குச் சேர்கின்றது. அதன்மேல் மனிதர் எழுப்பிய புகையின் பங்கும் சேர்ந்துகொண்டது. 2007இல் ரிச்சர்ட் பீலி என்னும் விஞ்ஞானியும் அவர் தோழர்களும் கனடா முதல் மெக்சிகோ வரை அக்கரையை அளந்தனர். ஓட்டை அரிக்கவல்ல நீர் கரையோரத் திட்டின்மேலேயே ஏறிவிட்டதை அவர்கள் கண்டு 2008இல் வெளியிட்டனர்.

அவர்கள் கூறியவற்றுள் நம் நெஞ்சை உலுக்கியது ஒன்று. அவ்வாறு மேலெழுந்த நீர், அதற்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் வெளிக்காற்றைத் தொட்டிருந்த நீராம். 1950களின் காற்றில் இருந்த புகையை வாங்கிக்கொண்டு ஆழத்தில் இறங்கி, இருளில் உலவி, 2007இல் கரையேறிற்று. எனவே இன்று நாம் காற்றில் விடும் புகையைச் சுமந்த நீர், நம் பேரப்பிள்ளைகள் நரைத்த பின்னர் அக்கரையில் ஏறும். இன்றே எல்லா நெருப்பையும் அவித்தாலும், ஏற்கெனவே இறங்கிய நீர் ஏறியே தீரும்.

வினை உடனே பழுப்பதன்று, பாலில் உறையிட்டது போல் உறங்கிக் கிடந்து பின்னர் முதிரும் என்று நம் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். கடல் அதனைக் கண்ணெதிரே காட்டுகின்றது. ஆனால் ஒரு வேறுபாடு. இங்கே விதைத்தவன் ஒருவன், அறுப்பவன் வேறொருவன், அவ்வறுப்பில் பேசும் வாயற்ற நண்டும் ஒன்று.

கொன்றவர் யார்?

இப்போது வினாவுக்கு வருவோம். நண்டுக்குஞ்சைக் கொன்றவர் யார்? நிலக்கரி வெட்டிய சுரங்கத் தொழிலாளியா? கொதிகலனுக்குக் கரி தள்ளிய ஆலைத் தொழிலாளியா? ஆலையில் நெய்த துணியை உடுத்தவரா? இலாபத்தைப் பங்கிட்டுக்கொண்ட முதலாளியா? ஒவ்வொருவரும் "நான் நண்டைக் கண்டதுமில்லை" என்பர். அவர் சொல்வது மெய்யே.

பகவன் புத்தர் வினை என்பது சேதனையே, அதாவது மனத்தின் கருத்தே என்று போதித்தார். அக்காலத்து நிகண்டர்கள் உடலின் செயலே மனத்தினும் கொடியது என்றனர். உபாலி என்னும் இல்லறத்தானோடு நிகழ்ந்த உரையாடலில் பகவன் அக்கொள்கையை மறுத்தார். சக்குபாலர் என்னும் தேரர் கண்ணிழந்தவர். மழை பெய்த இரவில் அவர் உலாவுகையில் பூச்சிகள் பல மிதிபட்டு மடிந்தன. மறுநாள் கண்ட பிக்குகள் பகவனிடம் சென்று குறை கூறினர். அவர் பூச்சிகளைக் காணவில்லை, கொல்லக் கருதவுமில்லை, ஆதலின் குற்றமில்லை என்று பகவன் விடுவித்தார். அறியாமலும் கருதாமலும் நேர்ந்ததற்குப் பாவச்சுமை இல்லை. இதில் நமக்கு மயக்கம் வேண்டாம். ஆலையில் உழைத்துக் குடும்பத்தைக் காத்த எந்தத் தொழிலாளியும், நண்டைக் கொன்றேன் என்று இரவில் உறக்கங்கெட வேண்டுவதில்லை.

அவ்வளவோடு நிறுத்திக்கொள்ளலாமா? நிறுத்தலாகாது என்பதற்கு வினயத்திலேயே சான்று உண்டு. தொடக்கத்தில் பிக்குகள் வேனில், கார், கூதிர் என்று பாராது எப்போதும் ஊர்தோறும் நடந்தனர். மழைக்காலத்தில் பசும்புல்லையும் சிற்றுயிர்களையும் மிதித்து அழிக்கின்றனரே என்று மக்கள் குறைகூறினர். பகவன், "அவர்கள் கருதிச் செய்யவில்லை" என்று சொல்லி அக்குறையைத் தள்ளிவிட்டாரா? இல்லை. மூன்று மாதம் ஓரிடத்தில் தங்கும் வஸ்ஸா என்னும் நியமத்தை ஏற்படுத்தினார். யாரையும் பழிக்கவில்லை, வழக்கத்தை மாற்றினார்.

நீரைப் பற்றிய நியமமும் அத்தகையதே. பிக்குவின் எட்டு உடைமைகளுள் நீர் வடிகட்டும் துணியும் ஒன்று. நீரில் உயிர்கள் உண்டென்று அறிந்தும் அதனைப் பயன்படுத்துதல் குற்றமென்பது விதி. அறியாது செய்யின் குற்றமில்லை. ஆயினும் அறிந்துகொள்ளுதற்குரிய கருவி எப்போதும் கையில் இருக்க வேண்டும். "நான் பார்க்கவில்லை" என்பதையே வழக்கமாக்கிக்கொள்வதற்கு அங்கே இடமில்லை.

மிலிந்த மன்னன் நாகசேனரை வினவியதும் இதுவே. அறிந்து தீமை செய்வோனுக்கோ, அறியாது செய்வோனுக்கோ, யாருக்குக் கேடு மிகுதி என்றான். அறியாதவனுக்கே என்றார் நாகசேனர். காய்ந்த இரும்புக் குண்டைச் சூடென்று அறிந்தவன் அஞ்சித் தொடுவான். அறியாதவன் அழுந்தப் பற்றுவான். அவன் கையே மிகுதியாக வேகும் என்று விளக்கினார். சக்குபாலர் கதைக்கு இது முரண் என்று சிலர் எண்ணுவர். முரணன்று. முன்னது பழியைப் பற்றியது. பின்னது சூட்டைப் பற்றியது. பழி கருத்தைப் பொறுத்தது. சூடு பொருளைப் பொறுத்தது. அறியாமை பழியை நீக்கும். வெந்த கையை ஆற்றாது. கடல் நம் கருத்தை வினவுவதில்லை. புகையை மட்டும் வாங்கிக்கொள்கின்றது.

தேவையும் விருப்பமும்

பாபாசாகேப் அம்பேத்கர் இயற்றி, அவர் மறைவுக்குப் பின் 1957இல் வெளிவந்த "புத்தரும் அவர் தம்மமும்" என்னும் நூலில், கொல்லும் விருப்பம் வேறு, கொல்லும் தேவை வேறு என்று பிரித்துக் காட்டுகின்றார். தேவையின்றி, விருப்பம் ஒன்றினாலேயே நிகழும் கொலையைத்தான் பகவன் விலக்கினார் என்பது அவர் கொள்கை. அகிம்சை என்பது ஒவ்வோர் அடியிலும் கட்டும் விதியன்று. எண்ணி நடக்கச் சொல்லும் நெறி என்பதும் அவர் கருத்து. மீனும் இறாலும் உண்டு வாழும் நம் மக்களுள் பலருக்கு இப்பிரிவு பெருந்தெளிவு தந்திருக்கின்றது.

இப்போது நாம் ஆராயும் கொலை இவ்விரண்டினுள் எதனைச் சார்ந்தது? நண்டுக்குஞ்சின் ஓடு அரிக்கப்படுவதை யாரும் விரும்பவில்லை. யாருக்கும் அது தேவையுமன்று. விருப்பமுமின்றித் தேவையுமின்றி நிகழும் மூன்றாவது வகை இது. நாம் கொண்ட முடிவு யாதெனில்: அறியாத வரையில்தான் இது மூன்றாவது வகை. அறிந்துவிட்ட அன்றே இம்மூன்றாவது வகை இல்லாதொழிகின்றது. அன்று முதல் நாம் எரிக்கும் ஒவ்வொன்றும் தேவை என்னும் பக்கத்திலோ விருப்பம் என்னும் பக்கத்திலோ சென்று நிற்கவே வேண்டும். கஞ்சி காய்ச்சும் அடுப்பு தேவை. நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டி தேவை. குழந்தை படிக்கும் விளக்கு தேவை. வேறு வழி இருந்தும் இலாபம் குறையுமென்று பழைய வழியைப் பற்றிக்கொண்டிருத்தல் விருப்பம். காட்சிக்காக எரிப்பது விருப்பம். "கருதவில்லை" என்னும் சொல் அறியாதவனுக்குக் கேடயம். அறிந்தவன் கையில் அது திரை.

அசோக மன்னர் முடிசூடி இருபத்தாறாம் ஆண்டில் பொறித்த ஐந்தாவது தூண் சாசனத்தில், உயிர்கள் உள்ள உமியை எரிக்கலாகாது என்றும் வீணாகக் காட்டைக் கொளுத்தலாகாது என்றும் கட்டளையிட்டிருக்கின்றார். உமியை எரிப்போன் புழுவைக் கொல்லவா எரிக்கின்றான்? இல்லை, ஆயினும் உள்ளே உயிர் உண்டென்று அறிந்தபின் எரிக்கலாகாது என்றார். இன்றைய உலகம் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் அத்தகைய உமியாகிவிட்டன.

யார் பங்கு எவ்வளவு?

நம் மக்களுக்கு இங்கே ஓர் ஐயம் எழும், எழுவது நியாயமே. முற்பிறப்பின் கன்மத்தால் இழிந்தோமென்று பல நூற்றாண்டு நம் தலையில் பிறர் வைத்த சுமையைப் பாபாசாகேப் இறக்கிவைத்தார். இப்போது கடலின் கேட்டையும் நம் தலையில் ஏற்றுகின்றனரோ என்பதே அவ்வையம்.

கணக்கைப் பார்ப்போம். உலக மக்களுள் ஏறத்தாழ ஆறில் ஒருவர் இந்தியர். நிலக்கரி முதலியவற்றை எரித்து இதுவரை உலகம் வெளிவிட்ட கரியமில வாயுவில் இந்தியாவின் பங்கு நூற்றில் மூன்று அல்லது நான்கு. ஐக்கிய அமெரிக்காவின் பங்கு மட்டும் ஏறத்தாழ நான்கில் ஒன்று. இந்தியருள்ளும் குடிசையில் விறகடுப்பு மூட்டுவோன் பங்கும் குளிரூட்டிய மாளிகையில் உறைவோன் பங்கும் ஒன்றல்ல. ஆதலின் எல்லோரும் சமமாகக் குற்றவாளிகள் என்பது பொய்யுரை. அது பெரும்பங்கு உடையார் ஒளிந்துகொள்ளும் இடம். அதேபோல், ஆண்டுதோறும் வெளிவிடும் அளவில் இந்தியா இன்று உலகில் மூன்றாமிடத்தில் நிற்கின்றது என்பதையும் மறைத்தலாகாது. கடன் பழையவருடையதாயினும் புதிய கடனை நாமும் ஏற்றிக்கொண்டிருக்கின்றோம்.

நட்டம் யாருக்கு என்பதையும் நோக்குக. டஞ்சனஸ் நண்டு வாழும் வாஷிங்டன் மாநிலக் கரையில் குவினால்ட், மக்கா முதலிய பழங்குடியினர் தொன்றுதொட்டுக் கடலை நம்பி வாழ்கின்றனர். 1850களில் அரசு அவர்களுடைய நிலத்தை உடன்படிக்கையால் பெற்றுக்கொண்டு, மீன்பிடிக்கும் உரிமையை மட்டும் அவர்களுக்கு ஒப்புக்கொண்டது. அவ்வுரிமையும் நூறாண்டுக்கு மேல் ஏட்டில் கிடந்தது. அவர்கள் சிறைப்பட்டும் வழக்காடியும் போராடிய பின்னர், 1974இல் நீதிபதி ஜார்ஜ் போல்ட், பிடிக்கத்தக்க மீனில் பாதி அவர்களுக்குரியது என்று தீர்ப்பளித்தார். 1994இல் வேறொரு தீர்ப்பு ஓடுடைய உயிர்களுக்கும் அதனை விரித்தது. உரிமை கைக்கு வந்த தலைமுறையிலேயே நண்டின் ஓடு அரிக்கத் தொடங்கிற்று.

1927இல் மகாத் நகரின் சவுதார் குளத்தில் பாபாசாகேப் நீரள்ளிப் பருகிய வரலாற்றை ஆண்டுதோறும் நினைவுகூரும் நமக்கு, இதன் பொருளை ஒருவர் சொல்லித்தர வேண்டுவதில்லை. குளத்தை அணுகும் உரிமையை வென்றபின் குளத்து நீரே கெட்டுப்போயின், வென்றது எதற்கு? கடலும் காற்றும் எல்லோர்க்கும் பொதுக்குளங்கள். அவற்றின்மேல் உரிமை கேட்பவர் அவற்றின் தூய்மையையும் கேட்டே ஆகவேண்டும்.

செய்யத்தக்கது யாது?

ஆந்திரக் கடற்கரையில் இறால் வளர்ப்போர், குளத்து நீரின் காரத்தன்மை குறைந்தால் சுண்ணாம்பு இட்டுச் சரிசெய்கின்றனர். ஒரிகன் மாநிலத்தில் 2007 முதல் சிப்பிக் குஞ்சுகள் பொரிப்பகத்திலேயே கூட்டங்கூட்டமாக மடிந்தபோது, உள்ளே வரும் கடல்நீரில் சோடா உப்பைக் கலந்து ஓரளவு காத்துக்கொண்டனர். தொட்டிக்கும் குளத்துக்கும் இம்மருந்து போதும். பெருங்கடலுக்கு இடச் சுண்ணாம்பு எங்கே? புகை எழும் இடத்தில் குறைத்தலன்றி வேறு மருந்து இல்லை. துக்கத்தின் காரணத்தை நீக்காமல் துக்கம் நீங்காது என்னும் மூன்றாவது ஆரிய சத்தியம் இங்கும் பொருந்துகின்றது.

ஒரு விளக்கை அணைத்தால் ஒரு நண்டு பிழைக்கும் என்று நாம் சொல்லமாட்டோம். அது பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை. தனியொருவன் சிக்கனம் தன் மனத்தைத் திருத்தும், கடலைத் திருத்தாது. வஸ்ஸா நியமத்தை ஒரு பிக்கு மட்டும் தனித்து நோற்றிருந்தால் வயல் பிழைத்திராது. சங்கம் முழுவதும் நோற்றதனாலேயே பயன் விளைந்தது. எனவே இதுவும் சங்கமாகவும் அரசாகவும் செய்யத்தக்கது. சக்கரவர்த்தி சீகநாத சுத்தத்தில், அரசன் காக்க வேண்டியவர்களின் வரிசையில் விலங்கும் பறவையும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. வாக்களிக்கும் நாம் அவ்வரசின் ஒரு கூறு. எந்த மின்சாரம், எந்த எரிபொருள், எந்தப் போக்குவரத்து என்று அரசு முடிவு செய்யுங்கால் நம் குரலும் அங்கே கேட்க வேண்டும். அதேபோல், கரிச் சுரங்கத்தையும் பழைய ஆலையையும் மூடுங்கால் அங்குழைத்தோரைத் தெருவில் விடலாகாது என்பதையும் நாமே முன்னின்று சொல்ல வேண்டும். ஆலை மூடினால் அடுப்பு அணையும் என்பதைப் பஞ்சாலைத் தொழிலாளியாய் வாழ்ந்த நாம் நன்கறிவோம். நண்டைக் காக்கும் பொருட்டு ஏழையை நசுக்குவது கருணையாகாது. ஏழையின் பெயரைச் சொல்லிப் பணம் படைத்தோன் புகையைக் காப்பதும் கருணையாகாது.

இனி, விகாரத்தில் முதற்சீலத்தை ஏற்குங்கால், நம் கைக்கு எட்டிய உயிர்களை மட்டும் நினையாதிருப்போமாக. கண்ணுக்குத் தெரியாத தொலைவில், கடல்நீரில் மிதந்துகொண்டு, தன் முதல் ஓட்டைக் கட்டிக்கொண்டிருக்கும் நண்டுக்குஞ்சும் அச்சீலத்துக்குள் அடங்கியதே. அதனை நாம் கொல்லக் கருதியதில்லை. ஆனால் அது சாகின்றது என்று அறிந்துகொண்டோம். அறிந்தபின், எது தேவை, எது விருப்பம் என்று நாள்தோறும் பிரித்தறிதலே அப்பமாதம் எனப்படும் விழிப்புடைமை. அவ்விழிப்புடைமையில் நம் இல்லங்களும் சங்கங்களும் நிலைபெறுக.

புத்தம் சரணம். தம்மம் சரணம். சங்கம் சரணம்.